மால்டா: 'சின்னத் தீவுதானே' என்பதில் தொடங்கும் தவறுகள்

மத்தியதரைக் கடலில் உள்ள தீவு நாடான மால்டாவின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். இதைப் படித்ததும் 'ஒன்றரை நாள் போதும்' என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அங்கே தூரம்தான் குறைவு, பயண நேரம் இல்லை. நாட்டின் இன்னொரு தீவான கோசோவுக்குப் படகில் 25 நிமிடம்தான். ஆனால் படகு கிளம்பும் சிர்கெவ்வா வடமேற்கு மூலையில் இருக்கிறது. தலைநகர் வாலெட்டாவிலிருந்து அங்கே போகவே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வாலெட்டாவிலேயே விரைவுப் படகு ஏறினால் சுமார் 45 நிமிடத்தில் கோசோ வந்துவிடும். பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் சும்மா நின்றால் போதாது, கைகாட்ட வேண்டும். கோடையில் கூட்டம் நிரம்பிய பஸ் கைகாட்டினாலும் நிற்காது.

பலரும் ஏமாறும் இடம் ஹால் சஃப்லியேனி. தரைக்கடியில் பாறையைக் குடைந்து மூன்று அடுக்குகளாக அமைத்த இந்தப் புராதன ஈமக் கூடம், 1902-இல் வீடு கட்டத் தோண்டியபோது அகப்பட்டது. மூச்சுக்காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் சுவரிலுள்ள செங்காவி ஓவியங்களைக் கெடுப்பதால், ஒரு முறைக்கு பத்துப் பேரை மட்டுமே விடுகிறார்கள். நேரில் போய் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். சில மாதங்களுக்கு முன்பே இணையத்தில் இடம் பிடித்து, அதற்கேற்ப விமானத் தேதியை வையுங்கள். உள்ளே படம் எடுக்க முடியாது. அங்கே கிடைத்த 'உறங்கும் பெண்' சிலையை அங்கேயே தேடாதீர்கள். சுமார் 12 செ.மீ. நீளமுள்ள அந்தச் சுடுமண் உருவம் வாலெட்டாவின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மால்டாவின் கற்காலக் கோயில்களுக்குப் போகும் முன் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டால், வெறும் கல் குவியலாகத் தெரிவதும் பேசத் தொடங்கும்.

மால்டா என்றாலே நைட்டுகள் (புனித யோவான் சபையின் கிறிஸ்தவப் போர்வீரர்கள்) என்று நிறுத்திக்கொள்வதும் தவறு. அவர்கள் 1530-இல் வந்து 1798-இல் நெப்போலியனிடம் தீவைப் பறிகொடுத்தவர்கள். கோசோவின் ஜ்கன்தீயா கோயில்களோ கி.மு. 3600 வாக்கில் எழுந்தவை, கீசாவின் பெரிய பிரமிடுக்கு ஓராயிரம் ஆண்டு மூத்தவை.

வாலெட்டாவின் புனித யோவான் பேராலயம் வெளியே மொட்டையாக இருப்பதால் கடந்துபோய்விடுகிறார்கள். உள்ளே இருப்பது இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ கையெழுத்திட்ட ஒரே ஓவியம் (1608). தரை முழுக்க நைட்டுகளின் பளிங்குக் கல்லறைப் பலகைகள் என்பதால் கூர்குதிச் செருப்புக்கு அனுமதியில்லை. தோள் மூடிய உடையும் வேண்டும்.

விளம்பரங்களில் இன்னமும் வரும் 'அஸூர் விண்டோ' பாறை வளைவை நம்பிப் போகாதீர்கள். 2017 மார்ச் 8-இல் புயலில் அது கடலில் விழுந்துவிட்டது.

வழி கேட்கும்போது ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்துக் கூட்டிப் படித்தால் புரியாது. மால்டியம் அரபியிலிருந்து கிளைத்து லத்தீன் எழுத்தில் எழுதப்படும் மொழி. அதில் 'எக்ஸ்' எழுத்துக்கு ஒலி 'ஷ': ஷ்லெண்டி, மர்சஷ்லொக். கத்தோலிக்கர்களான மால்டாக்காரர்கள் கடவுளைச் சொல்லும் சொல்லும் 'அல்லா'தான்.

பிளக் பிரிட்டிஷ் வகை, மூன்று தட்டை முனைகள். இந்தியாவின் உருண்டை முனை நுழையாது, அடாப்டர் வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கு அந்தச் செலவு இல்லை.