எம்6 போல்ட்டுக்கு 6 மி.மீ. துளை போடாதீர்கள்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் வரைந்ததை சிஎன்சி மெஷினோ லேசரோ அப்படியே வெட்டிக் கொடுத்துவிடும், எந்த போல்ட், எந்த நட் என்பதை அசெம்பிளி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வடிவமைப்பு பழகுபவர்களிடம் நிறைய இருக்கிறது. நல்ல பாகங்கள் வீணாவதற்கு அதுவே பெரிய காரணம் என்பேன். எப்படி வெட்டப்போகிறோம், எதை வைத்து இணைக்கப்போகிறோம் என்ற இரண்டையும் வரையும்போதே சேர்த்து முடிவு செய்ய வேண்டும்.

துளையிலிருந்து தொடங்குவோம். எம்6 போல்ட், அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள போல்ட், தடையில்லாமல் நுழைந்து போக 6.6 மி.மீ. துளை வேண்டும். அந்தப் பாகத்திலேயே மரை போட்டு இறுக்குவதானால் 5 மி.மீ. துளை போட்டு டேப் என்ற மரை வெட்டும் கருவியை விட வேண்டும். 6 மி.மீ. துளை இரண்டுக்கும் உதவாது. மரையும் பிடிக்காது, நான்கு போல்ட் உள்ள தட்டில் ஒரு துளை கொஞ்சம் விலகியிருந்தாலும் நான்காவது போல்ட் நுழையாது. எம்3க்கு நுழைதுளை 3.4, டேப் துளை 2.5. எம்4க்கு 4.5, 3.3. இந்த எண்களை மேஜைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டாலே பாதித் தொல்லை குறையும்.

அடுத்து, மரை எவ்வளவு ஆழம் பிடிக்கிறது என்று பாருங்கள். எஃகில் போல்ட்டின் விட்டத்தளவு ஆழம் இருந்தால் பொதுவாகப் போதும். அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வைப்பது நல்லது. 2 மி.மீ. தகட்டில் எம்6 டேப் போட்டால் மரையின் இடைவெளியே 1 மி.மீ. என்பதால் இரண்டே சுற்றுதான் கிடைக்கும். இறுக்கும்போதே மரை உரிந்துவிடும். அங்கே ரிவெட் போலத் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் ரிவெட் நட்டோ, தகட்டுக்குள் அழுத்திப் பதிக்கும் கிளிஞ்ச் நட்டோதான் சரி. ஆனால் கிளிஞ்ச் நட் தகட்டைவிடக் கடினமாக இருந்தால்தான் அழுந்திப் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் தகட்டுக்குச் சாதாரண எஃகு நட்டை எழுதி அனுப்பாதீர்கள், அதற்கென்று கடினப்படுத்திய வகை தனியாக இருக்கிறது. அப்புறம், அடி மூடிய துளையில் கடைசிவரை மரை வரையாதீர்கள். டேப்பின் முனை ஒடுங்கியிருக்கும், சில்லும் அடியில் தங்கும். மரை முடிந்த பிறகும் துளை கொஞ்சம் கீழே போக வேண்டும்.

மில்லிங்கில் அடிக்கடி பார்ப்பது கூரான உள்மூலை. சுழலும் கட்டர் வட்டமானது, 6 மி.மீ. கட்டர் குறைந்தது 3 மி.மீ. ஆரத்தை விட்டுத்தான் போகும். சதுர மூலையுள்ள பாகம் அந்தக் குழிக்குள் உட்கார வேண்டுமென்றால் மூலைகளைச் சற்று வெளியே தள்ளிக் குடைந்து வையுங்கள். வெறும் தோற்றத்துக்கான மூலையானால் ஆரத்தைச் சரியாக 3 என்று வைக்காமல் 3.5 என்று வையுங்கள். சரியாக 3 வைத்தால் கட்டர் மூலையில் ஒரு கணம் நின்று திரும்பும், அங்கே அதிர்ந்து கோடு விழும். கட்டரின் பாதையை உருவாக்கும் கேம் மென்பொருளில் சிமுலேஷன் ஓட்டும்போது பாகத்தைப் பிடித்திருக்கும் கிளாம்பையும் சேர்த்து வரைந்து ஓட்டுங்கள். கிளாம்ப் இல்லாத சிமுலேஷன் வெட்டும் பாதையை மட்டுமே சரிபார்க்கிறது, கட்டர் கிளாம்பில் மோதுவதை அது காட்டாது.

லேசர் கதிர் வெட்டும் இடத்தில் ஒரு சிறு அகலத்தை எடுத்துவிடும். அதைக் கணக்கில் சேர்க்காமல் வரைந்த பொருத்துகள் ஆட்டம் காணும். 3 மி.மீ. அக்ரிலிக் என்று வாங்கிய தகடும் சரியாக 3 இருக்காது. அதே தகட்டில் ஒரு சிறு துண்டு வெட்டிப் பார்த்துவிட்டு மீதியை வெட்டுங்கள். பிவிசியை மட்டும் லேசரில் வைக்கவே வைக்காதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வந்து மெஷினையும் அரிக்கும், மூச்சையும் கெடுக்கும்.

அக்ரிலிக்கில் கூம்புத் தலை ஸ்க்ரூ இன்னொரு தவறு. இறுக்க இறுக்க அந்தத் தலை ஆப்பு போல இறங்கித் தகட்டைப் பிளக்கும். தட்டையான அடியுள்ள தலையும் வாஷரும் வையுங்கள். போல்ட் கழலாமல் இருக்க மரையில் விடுகிற பசையையும் இங்கே தவிர்க்க வேண்டும், அக்ரிலிக்கிலும் பாலிகார்பனேட்டிலும் அது நுண்விரிசல்களை உண்டாக்கும்.

3டி பிரிண்டில் துளைகள் வரைந்ததைவிடச் சிறியதாக வருவது வழக்கம், டிரில் விட்டுச் சரிசெய்துகொள்ளலாம். பெரிய பிரச்சினை அடுக்குகள். நிமிர்த்தி அச்சிட்ட மெல்லிய தூணில் ஸ்க்ரூவை முறுக்கினால் அடுக்குகள் பிரிந்து தூண் உடையும். சூடுவைத்து அழுத்தும் பித்தளை இன்சர்ட் (உள்ளே மரையுள்ள சிறு குழல்) போட்டால் பலமுறை கழற்றி மாட்டலாம். 3டி பிரிண்டுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் அலகு கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்குலத்தில் வரைந்து அனுப்பியதை மி.மீ. என்று திறந்தால் பாகம் 25.4 மடங்கு சிறுத்து வரும்.

பிளாஸ்டிக் பாகத்தை போல்ட் போட்டு இறுக்கினால் நாளாக நாளாக அது நசுங்கித் தளர்ந்துவிடும். துளைக்குள் ஒரு உலோகக் குழாய்த் துண்டு வைத்தால் இறுக்கத்தை அது தாங்கும்.

அதிர்வுள்ள இடங்களில் ஸ்பிரிங் வாஷரை நம்பிவிடுகிறார்கள். பக்கவாட்டு அசைவுதான் போல்ட்டைக் கழற்றுகிறது என்பதை 1969இலேயே யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதனையில் காட்டிவிட்டார். அந்த அசைவுக்கு முன் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக நிற்பதில்லை. போதுமான இறுக்கமும் நைலான் வளையமுள்ள நட்டும் மேல், சூடான இடத்தில் மட்டும் நைலானைத் தவிர்த்துவிட்டு முழு உலோக லாக் நட் போடுங்கள்.

உலோகச் சேர்க்கையையும் பாருங்கள். ஈரம் படும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் தகட்டை அலுமினிய ரிவெட்டால் இணைத்தால், பெரிய தகடு சின்ன ரிவெட்டை வேகமாக அரித்துவிடும். அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ அவ்வளவு மோசமில்லை, நடுவில் நைலான் வாஷர் வைத்தால் இன்னும் நல்லது.

வரைபடத்தை அனுப்புமுன் ஒவ்வொரு போல்ட்டின் தலைக்கு மேலும் ஸ்பேனரையோ ஆலன் கீயையோ கணினியிலேயே வைத்துப் பாருங்கள். போல்ட் நுழைய வழியிருந்தும் கருவி திரும்ப இடமில்லாமல் போகிற பெட்டிகள் ஏராளம். முழுதாகச் சுற்ற வேண்டாம், ஆலன் கீக்கு 60 டிகிரி திரும்பினால் போதும், ஆறு பக்கமாக மாற்றி மாற்றி வைத்து இறுக்கிவிடலாம்.