கிண்ணம் கடையப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் பட்டறையில் ஒரு தம்பி லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் தன்னுடைய மூன்றாவது மரக்கிண்ணத்தைக் கடைந்துகொண்டிருந்தார். வெளிப்புறம் அழகாகவே வந்திருந்தது. கட்டையைத் திருப்பி சக்கில், அதாவது கட்டையைத் தாடைகளால் கவ்விச் சுழற்றும் பிடியில் மாட்டி, உட்புறத்தைக் குடைய ஆரம்பித்தார். என் கண் மட்டும் சக்கும் கட்டையும் சேரும் இடத்திலேயே இருந்தது. அங்கே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. "நிறுத்துங்க தம்பி" என்று நான் வாயைத் திறப்பதற்குள் உளி கொத்திவிட்டது, அதாவது திடீரென்று மரத்தில் ஆழமாகக் குத்தி மாட்டிக்கொண்டது. டொம்மென்று ஒரு சத்தம். கிண்ணம் கழன்று விழுந்து, தரையில் உருண்டு, மேசைக்கு அடியில் போய் நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. தம்பி முதலில் சொன்னது இதுதான்: "சக் சரியில்லண்ணே."

12 வருஷத்துக்கு முன்னால் நானும் வார்த்தை பிசகாமல் இதையேதான் சொன்னேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முகக்கவசம் போட வேண்டும், தொளதொள சட்டைக்கை கூடாது, தூசு மூக்கில் ஏறக்கூடாது என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. தெரிந்தும் செய்கிற தவறுகள், தெரியாமலே பழகிப்போகிற தவறுகள் என்று சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் இது.

கழுந்தை அவசரத்தில் வெட்டுவது

கிண்ணத்தை இரண்டு முறை மாட்டிக் கடைய வேண்டியிருக்கிறது. முதல் முறை பேஸ்பிளேட் என்ற இரும்புத் தட்டிலோ திருகிலோ மாட்டி வெளிப்புறத்தைச் செதுக்குகிறோம். அப்போதே அடியில் குட்டையாக, வட்டமாக ஒரு முளை விட்டுவைக்கிறோம். பிறகு கட்டையைத் திருப்பி, அந்த முளையை சக்கின் தாடைகளில் கவ்வவிட்டு உட்புறத்தைக் குடைகிறோம். அந்த முளைதான் கழுந்து. கிண்ணம் முடிந்த பிறகு அதைச் சீவி எறிந்துவிடுவோம் என்பதால் அதற்கு மரியாதையே கிடைப்பதில்லை.

ஒரு கிண்ணத்துக்கு 2 மணி நேரம் ஆகிறது என்றால், கழுந்துக்கு 5 நிமிஷம் போதும். வெளிப்புற வளைவு நன்றாக வந்துவிட்ட சந்தோஷம், உள்ளே குடையும் ஆசை இரண்டும் சேர்ந்து அந்த 5 நிமிஷத்தை 1 நிமிஷமாகச் சுருக்கிவிடும். எரிச்சல் அங்கேதான் வருகிறது. தவறு நடப்பது ஒரு நேரம், அது வெடிப்பது வேறு நேரம். ஒரு மணி நேரம் கழித்து கிண்ணம் பறக்கும்போது யாருக்கும் கழுந்து நினைவுக்கு வராது. உளியைத் திட்டுவோம், மரத்தைத் திட்டுவோம், சக்கைத் திட்டுவோம்.

நான் ஒருபடி மேலே போனேன். 12 அங்குல விட்டத்தில் ஒரு கட்டை, அருமையான ரேகை ஓடிய மரம். உட்புறம் பாதி குடைந்திருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று மெலிசாக ஒரு சத்தம் கேட்டது. கேட்டும் கேட்காததுபோல வேகத்தை 1000 சுற்றுக்கு ஏற்றினேன். கிண்ணம் என் தோளுக்கு மேலாகப் போய்ச் சுவரில் மோதி விளிம்பு உடைந்தது. பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 அங்குலக் கிண்ணம் நிமிஷத்துக்கு 1000 சுற்றில் ஓடினால், அதன் விளிம்பு மணிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு மரக்கட்டை முகத்துக்கு நேரே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. சரி, அதோடு புத்தி வந்ததா? இல்லை. சக் மட்டம் என்று முடிவு கட்டி, இன்னும் விலை கூடிய சக் ஒன்று வாங்கினேன். புது சக்கும் அடுத்த மாதமே ஒரு கிண்ணத்தைத் தூக்கி எறிந்தது. அப்போதுதான் உடைந்த இரண்டு கிண்ணங்களின் அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கழுந்துகளின் நுனியிலும் பளபளவென்று ஒரு வட்டம் தேய்ந்திருந்தது. சக்கின் அடித்தளத்தில் உரசிய தடம்.

நீளமான கழுந்து என்றால் பிடி பலமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தாடையின் ஆழம் 12 மில்லிமீட்டர்தான்; நான் விட்ட கழுந்து 15. நுனி போய் அடியில் முட்டிக்கொள்ள, கழுந்தைச் சுற்றியுள்ள தட்டையான தோள் தாடைகளின் முகத்தில் உட்காரவே இல்லை. கிண்ணம் ஆடாமல் நிற்பது அந்தத் தோள் உட்காருவதால்தான். தோள் உட்காராத கிண்ணம் ஒற்றைக் காலில் நிற்கிற ஆள் மாதிரி. யாரும் தொடாதவரை நிற்கும். நடுத்தரக் கிண்ணத்துக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் கழுந்து தாராளம். எப்படியும் தாடை ஆழத்தைவிட 2, 3 மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும்.

அடுத்தது மூலை. கழுந்தும் தோளும் சேரும் இடம் கூர்மையாக வெட்டியிருக்க வேண்டும். குழி உளியால் மட்டும் வெட்டினால் அங்கே இம்மியளவு மரம் வளைவாக மிஞ்சி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தால் தெரியும். தாடை அந்த வளைவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கூர்முனை உளியால் மூலையைச் சுத்தம் செய்ய அரை நிமிஷம் ஆகுமா?

கழுந்தின் சரிவும் தாடையோடு ஒத்துப்போக வேண்டும். பல சக்குகளில் தாடையின் உட்பக்கம் உள்நோக்கிச் சரிந்திருக்கும். கழுந்தும் அதே சாய்வில், நுனி அகலமாகவும் வேர் ஒடுங்கியும் இருந்தால்தான் தாடை அதைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும். சிலவற்றில் தாடை நேராக இருந்து ஓரத்தில் மட்டும் ஒரு வரம்பு இருக்கும். உங்களிடம் இருப்பது எது என்று தாடையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். கழுந்தைத் தலைகீழாக, நுனி ஒடுங்கும்படி வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இறுக்க இறுக்க அது வெளியேதான் வரும்.

விட்டம் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான்கு தாடைகளும் சேர்ந்து முழு வட்டமாக அமைவது ஒரே ஒரு அளவில்தான். பெரும்பாலும் ஏறக்குறைய மூடிய நிலையில். அந்த அளவில் தாடையின் முழுப் பரப்பும் மரத்தைப் பிடிக்கும். அதைவிட மிகவும் விரித்தால் ஒவ்வொரு தாடையின் இரண்டு ஓரங்கள் மட்டும் கடிக்கும், ஆகமொத்தம் எட்டே புள்ளிகள். தாடைகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, காலிபரால் அளந்து, கழுந்தை அந்த அளவுக்கு வெட்டுங்கள். அந்த அளவு கிண்ணத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது வர வேண்டும். வரவில்லையென்றால் பெரிய தாடைகளை மாட்டுங்கள், அல்லது சின்னக் கட்டையாக எடுங்கள்.

மரமும் கவனம். பட்டை, வெடிப்பு, தண்டின் நடுமையம் இவற்றில் கழுந்து அமையக்கூடாது. வைரம் பாய்ந்த நல்ல மரத்தில் அமையட்டும். ரேகை அழகாக விழவில்லையே என்று கட்டையைத் திருப்பிப் போட்டு, உளுத்த பக்கத்தில் கழுந்து வெட்டாதீர்கள்.

மாட்டிய பிறகு நான் செய்யும் சோதனை எளிது. கட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு டார்ச்சை அடித்து, தோளும் தாடையும் சேரும் இடத்தை இந்தப் பக்கமிருந்து பார்ப்பேன். கீற்றளவு வெளிச்சம் கசிந்தாலும் கழற்றி மறுபடி வெட்டுவேன். "சக் சாவியை இன்னும் நாலு திருப்பு இறுக்கினா போதாதாண்ணே?" என்று அந்தத் தம்பி கேட்டார். போதாது. அளவுக்கு மீறி இறுக்கினால் இழைகள் நசுங்கி, பிடி இன்னும் மோசமாகும். ஆனால் பச்சை மரமாக இருந்தால் முதல் பத்து நிமிஷத்துக்குப் பிறகு ஒருமுறை நிறுத்தி, சாவியைப் போட்டுப் பாருங்கள். கால் திருப்பாவது இடம் கொடுக்கும். நேற்று சக்கிலேயே விட்டுப்போன கட்டையை இன்று அப்படியே ஓட்டவும் கூடாது. ராத்திரியில் மரம் சுருங்கியிருக்கும்.

எதிர்ப்பக்கமிருந்து கட்டைக்கு முட்டுக்கொடுக்கும் டெயில் ஸ்டாக்கை முடிந்தவரை விலக்காதீர்கள். நடுவில் ஒரு தூண் விட்டு அதைச் சுற்றிக் குடைந்து, கடைசியில் தூணை எடுத்தால் போதும்.

கழுந்து ஒடிந்தே போனாலும் கிண்ணம் போய்விடவில்லை. அடியைத் தட்டையாக்கி, இன்னொரு கெட்டி மரத்துண்டைப் பசையால் ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, அதில் புதுக் கழுந்து வெட்டலாம். அந்தத் தம்பியின் கிண்ணம் அப்படித்தான் பிழைத்தது.

கூர்முனையை முதலில் மரத்தில் வைப்பது

உளி கொத்துவதற்கு முக்கால்வாசிக் காரணம் இது. முதலில் உளியின் தண்டு, அதைத் தாங்கும் டூல் ரெஸ்டில் படிய வேண்டும். அடுத்து, சாணை பிடித்த சாய்வு முகத்தின் குதிகால், அதாவது கூர்மைக்கு எதிர்க்கோடி, மரத்தில் உரச வேண்டும். அப்போது சுருள் எதுவும் வராது, உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் கூர்மை தானாக மரத்தைத் தொடும், சுருள் வரும். விளிம்பிலிருந்து உட்புறம் நுழையும் முதல் வெட்டில் மட்டும் சாய்வு முகம் உரச இடமே கிடையாது. அங்கே உளியின் குழி பக்கவாட்டில் பார்க்கட்டும். வானத்தைப் பார்த்தால் கொத்தும்.

இழைக்கு எதிராக வெட்டுவது

தூண், கால் போன்றவற்றைக் கடைந்து பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே பருத்த இடத்திலிருந்து சிறுத்த இடத்துக்கு வெட்ட வேண்டும். கிண்ணத்தில் இழை குறுக்கே ஓடுவதால் வெளிப்புறம் அடியிலிருந்து விளிம்புக்கும், உட்புறம் விளிம்பிலிருந்து மையத்துக்கும் வெட்ட வேண்டும். சரியாக வெட்டினாலும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில் இழைமுனை எதிர்ப்படும். அந்த இரண்டு இடத்திலும் மரம் பிய்ந்து சொரசொரப்பாக இருந்தால் உளி மழுங்கிவிட்டது என்று பொருள். சாணைக்குப் போங்கள்.

பச்சை மரத்தை ஒரே மூச்சில் முடிப்பது

பச்சை மரம் வெண்ணெய் மாதிரி வெட்டும். அதுதான் ஏமாற்றும். மரம் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்று வட்டமாக இருக்கும் கிண்ணம் காய்ந்த பிறகு முட்டை வடிவத்தில் நிற்கும், இல்லாவிட்டால் வெடிக்கும். முதல் முறை சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு விட்டுக் கடையுங்கள். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். இழைமுனைகளில் மெழுகு பூசிக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு, கிண்ணத்திலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். எடை குறைவது நின்ற பிறகு மறுபடி மாட்டி முடிக்கலாம். பெரும்பாலும் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் இன்னும் நாலு கிண்ணம் கடைந்து வைக்கலாமே! கழுந்தும் முட்டை வடிவமாகியிருக்கும் என்பதால் அதை வட்டமாக்கிய பிறகே சக்கில் மாட்ட வேண்டும்.

வேகம்

அங்குலத்தில் விட்டத்தையும் நிமிஷத்துக்கான சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் வரட்டும். 12 அங்குலம் என்றால் 500 முதல் 750. கோணல்மாணலான புதுக்கட்டைக்கு அதற்கும் கீழே. என் 1000 எந்தக் கணக்கிலும் அடங்காது.

ஆழத்தை அளக்காமல் போவது

கிண்ணம் கடைய உட்கார்ந்து புனல் கடைந்தவர்கள் நிறைய. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அடி எவ்வளவு தடிமன் என்று கை சொல்லும் என நம்ப வேண்டாம். விளிம்பின் குறுக்கே ஒரு சட்டம் வைத்து, நடுவில் குச்சியை இறக்கி அளங்கள். கழுந்து பின்னால் சீவப்படும் என்பதை மறந்து, அதையும் அடியின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

உப்புத்தாளை உளியாக நினைப்பது

80-ஆம் எண் தாளை வைத்து அரை மணி நேரம் தேய்ப்பதைவிட, தீட்டிய உளியால் ஒரு மெல்லிய வெட்டு மேல். எண்களைத் தாண்டாதீர்கள்: 80, 120, 180, 240, 320. விரல் சுட்டால் மரத்துக்கும் சுடுகிறது. மெல்லிய சுவரில் மயிரிழை வெடிப்பு வரும்.

தூண் கடையும் முரட்டு உளியைக் கிண்ணத்தில் வைப்பது

கூடவே கூடாது. கைப்பிடிக்குள் போகும் அதன் வால் மெலிசு, கொத்தினால் ஒடியும்.

ஓடும் லேத்தில் டூல் ரெஸ்டை நகர்த்துவது

நிறுத்திவிட்டு நகர்த்துங்கள்.

துணியால் பாலிஷ் போடுவது

சுழலும் கிண்ணத்தில் துணி சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும். கிழிந்துபோகிற தாள் போதும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த தாளையோ துணியையோ கசக்கி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் பட்டறையைப் பூட்ட வேண்டும்.