கிங்கியானம் பூக்காமல் குட்டிச்செடியாகப் போடுகிறதா?

டெண்ட்ரோபியம் கிங்கியானம் ஆஸ்திரேலியாவின் கிழக்கு மலைகளில், நியூ சவுத் வேல்ஸின் ஹண்டர் ஆற்றுப் பகுதியிலிருந்து வடக்கே குயின்ஸ்லாந்து வரை, பாறைமேல் பாயாகப் படரும் ஆர்க்கிட். மரத்தில் அபூர்வம். பாறை இடுக்கில் மக்கிய சருகும் பாசியும்தான் அதற்கு மண். கோடை மழை கொட்டினாலும் நீர் நிற்காமல் வழிந்துவிடும். குளிர்காலத்தில் மழை குறையும், இரவு நன்றாகக் குளிரும். இவ்விரண்டும் தொட்டியிலும் கிடைக்க வேண்டும்.

முதலில் தொட்டி. வேர்க்கட்டைச் சுற்றி 2 செ.மீ. இடம் போதும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயவே காயாது. 8–12 மி.மீ. பைன் பட்டைச் சில்லு 3 பங்கு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகள் 1 பங்கு. தோட்ட மண் கூடவே கூடாது. நல்ல வேர் காய்ந்திருக்கையில் வெள்ளிபோல் வெளுத்திருக்கும், நனைந்ததும் பச்சையாகும். விரலால் உருவும்போது தோல் கழன்று நூல்போன்ற நரம்பு மட்டும் மிஞ்சினால் அது அழுகிய வேர்; வெட்டிவிடுங்கள்.

காலை வெயில் நேராகப் படட்டும், நண்பகலுக்கு நிழல்வலை போதும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை.

புதுத் தண்டு வளரும் மாதங்களில் வாரம் இரண்டு மூன்று முறை தண்ணீர். இரு வாரத்துக்கு ஒருமுறை, பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு உரம். கோடை முடிந்ததும் உரத்தை நிறுத்துங்கள். குளிர்காலத்தில் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடத்தில் வைத்து, தண்டு சுருங்காத அளவுக்கு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மட்டும் நனையுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். வாடிவிடுமோ என்று இரக்கப்பட்டு ஊற்றிய தண்ணீரும் விடாமல் போட்ட தழைச்சத்தும் சேர்ந்து, பூங்கொத்து வரவேண்டிய கணுவில் குட்டிச்செடியைக் கிளப்பிவிடும். நுனியில் மொட்டு கண்ணுக்குத் தெரிந்த பிறகே தண்ணீரைக் கூட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூக்கும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும்.

வந்துவிட்ட குட்டியை வீணாக்க வேண்டாம். வேர் 3 செ.மீ. நீண்டதும் மெல்லத் திருகி எடுத்துச் சிறு தொட்டியில் நடலாம். தாய்ச்செடியைப் பிரிப்பதானால் பூ முடிந்து புதுத் தளிர் எட்டிப் பார்க்கும்போது, ஒரு கட்டுக்கு நான்கைந்து தண்டாவது இருக்கும்படி பிரியுங்கள். இலை உதிர்ந்த கிழட்டுத் தண்டை மட்டும் வெட்டாதீர்கள். செடியின் சேமிப்பு அதில்தான் இருக்கிறது. அதே தண்டு அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பூக்கும்.