திருக்கடையூர் போகிறவர்கள் தரங்கம்பாடிக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்

பினாங்கிலிருந்து அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகத் திருக்கடையூர் போகிற குடும்பங்கள் நிறைய. பலர் மாலை மாற்றி, அபிராமியைக் கும்பிட்டு, மதியமே திருச்சிக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் வந்துவிட்டோம். பத்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி இருப்பது அப்போது தெரியாது.

மீனவர் குப்பமாக இருந்த ஊர். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுக்கு இடம் கொடுத்தார். 1845-இல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் கிங் தெரு, குயின் தெரு. பினாங்கு ஜார்ஜ் டவுனிலும் இதே பெயர்களில் தெருக்கள் இருப்பதால், நம் ஆட்களுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

கிங் தெருவில் 1718-இல் எழுந்த புது எருசலேம் ஆலயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1706-இல் வந்த அந்த ஜெர்மன் மதபோதகர், பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகினார். 1715-க்குள் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டும் முடித்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், இங்கேயே ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள். காகிதத்துக்கும் பக்கத்திலேயே ஆலை போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்றும் நிற்கிறது. தமிழ்ப்பள்ளியில் படிக்கிற பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கையிலிருக்கும் பாடப்புத்தகத்தின் பாட்டன் வீடு இது.

அப்புறம் கடற்கரை. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கும் கல்லைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். 2004 ஆழிப்பேரலை இந்த ஊர் மீனவர் வீடுகளையும் விடவில்லை. படகுகளருகே படம் எடுக்குமுன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கல்யாணம் வெள்ளியில் விழுந்தால் வியாழனே போய்விடுங்கள். நிழல் குறைவு, காலையில் போவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை அதிகம். ரிங்கிட்டைத் திருச்சியிலேயே மாற்றி, சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் பலரும் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறார்கள், நம் மலேசியச் செயலியை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

கடைத்தெரு பார்க்கப் பக்கத்திலுள்ள பொறையாருக்குப் போங்கள். பசார் என்றால் புரியாது, சந்தை என்று கேளுங்கள். நம் தெங்கிரி மீனுக்கு அங்கே வஞ்சிரம் என்று பெயர்.