அடக்குவதும் முக்குவதும் ஒன்றல்ல: கழிப்பறைப் பழக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகள் காப்பகத்துக்குப் புதிதாக வரும் உதவியாளர்கள், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே என் கண்முன் திரும்பச் செய்யும்போது மனம் பொறுப்பதில்லை. திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வயதைப் பார்த்து நாள் குறிப்பது

பெரும்பாலான குழந்தைகளுக்கு 18 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையே பக்குவம் வருகிறது. இரண்டு மணி நேரமாவது டயப்பர் நனையாமல் இருப்பது, நனைந்ததும் வந்து சொல்வது, கால்சட்டையைத் தானே இறக்க முயல்வது ஆகியவை சேர்ந்து தென்படட்டும், பிறகு தொடங்குங்கள்.

அடக்குவதை முக்குவதாக எண்ணுவது

அலமாரியின் விளிம்பை இறுகப் பற்றி, தொடைகளை ஒட்டவைத்து, நுனிக்காலில் முகம் சிவக்க நின்ற இரண்டரை வயதுச் சிறுவனைப் பார்த்து, 'ஆய் வருகிறது, பழக்கத்துக்குத் தயாராகிவிட்டான்' என்று மகிழ்ந்து, ஒரு வாரம் விடாமல் தூக்கிப்போய்க் கழிப்பறை இருக்கையில் உட்கார வைத்தேன். அவன் முக்கவில்லை, முன்பு ஒருமுறை மலம் இறுகி வலித்ததால், மீண்டும் வலிக்குமோ என்று அஞ்சி அடக்கிக்கொண்டிருந்தான். பிறகு இருக்கையைக் கண்டாலே அலறினான்.

அடக்க அடக்க, மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ள, அது இன்னும் இறுகி அடுத்த முறை அதிகமாக வலிக்கிறது. இது நீடித்தால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கும் உணர்வே மங்கிவிடுவதோடு, இறுகிய மலத்தைச் சுற்றி இளகியது கசிந்து உள்ளாடையில் படுகிறது. அதை வயிற்றுப்போக்கு என்பார்கள், அல்லது வேண்டுமென்றே செய்கிறான் என்று குழந்தையைக் கண்டிப்பார்கள். இதைக் கேட்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

மலம் கழிக்க முயலும் குழந்தை பெரும்பாலும் முழங்காலை மடக்கிக் குந்தும்; அடக்கும் குழந்தை காலை நீட்டி விறைத்து நிற்கும். விறைத்து நின்றால் முதலில் மலச்சிக்கலுக்கு மருத்துவரைப் பாருங்கள். அந்தச் சிறுவனுக்கு மருத்துவர் தந்த மலமிளக்கியால் வலியில்லாமல் போவது வழக்கமாகி, அவன் மறுபடி இருக்கையில் அமர நான்கு மாதங்கள் ஆயின.

கால் தொங்க உட்கார வைப்பது

பாதத்துக்கு அடியில் பலகை வையுங்கள்.

வீடு மாறும் சமயத்தில் தொடங்குவது

வேண்டாம். தம்பியோ தங்கையோ பிறந்த வாரத்திலும் வேண்டாம்.

இரவையும் சேர்த்துக்கொள்வது

பகலில் பழகிய குழந்தையும் இரவில் நனைக்கும்; 5 வயதுக்கு முன் அது நோயன்று.

தொடங்கியபின் நிறுத்தத் தயங்குவது

குழந்தை நாள்தோறும் மறுத்தால் டயப்பரைத் திரும்பப் போட்டுவிட்டு, சில வாரங்கள் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.