மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர்? பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும் கருவி செய்யலாம்

"மோட்டார் போட்டு எவ்வளவு நேரமாகிறது, போய்ப் பார்" என்று அம்மா சொல்லாத நாள் எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு மாடி ஏறி மூடியைத் திறந்தால் ஒன்று பாதிதான் நிறைந்திருக்கும், இல்லையென்றால் வழிந்து மொட்டை மாடியே குளமாகியிருக்கும். நீர்மட்டத்தைக் கைபேசியில் காட்டும் கருவி ஒன்றைச் செய்ய ஒரு வார இறுதி போதும் என்று நினைத்து இறங்கினேன். இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தில் ஒன்றரை மாதம் ஒரே ஒரு படியில் போனது. அதை விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஆர்டுயினோ மென்பொருளை நிறுவுவதும் சால்டர் வைப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்னென்ன வாங்க வேண்டும்

மூளைக்கு ஈஎஸ்பி32-சி3 சிப் உள்ள சிறிய போர்டு. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இந்த சிப்பில் ஒற்றை ரிஸ்க்-வி கோர் (கணக்குப் போடும் பகுதி), வைஃபை, புளூடூத் மூன்றும் உண்டு. இதே குடும்பத்தில் வைஃபை 6, திரெட், ஜிக்பீ போன்ற கம்பியில்லா முறைகள் எல்லாம் தெரிந்த சி6 வந்துவிட்டது. கால் மணிக்கு ஒரு முறை ஒரே ஓர் எண்ணை அனுப்பப் போகும் தொட்டிக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து.

சென்சார் விஷயத்தில் என் தவறைச் செய்யாதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் முதலில் நான் வாங்கியது விஎல்53எல்0எக்ஸ் என்ற லேசர் சென்சார். மேசை மேல் வைத்துச் சுவரை அளந்தபோது துல்லியமாக இருந்தது. தொட்டிக்குள் வைத்ததும் எண்கள் குதித்தன. ஒளியில் ஒரு பகுதி நீருக்குள் இறங்கிவிடுகிறது, மீதி கண்ணாடியில் பட்டதுபோல் வேறு பக்கம் தெறித்துவிடுகிறது. தண்ணீருக்கு ஒலிதான் சரி. ஒலியிலும் பலர் வாங்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி, இருபது சென்டிமீட்டருக்கு உள்ளே எதையும் பார்க்காது. தொட்டி நிறையும் நேரத்தில், அதாவது நமக்குத் தேவையான நேரத்தில், அது குருடாகிவிடும். நான் பயன்படுத்துவது ஏ02ஒய்ஒய்யுடபிள்யூ. நீர் புகாது, 3 செ.மீ. முதல் 4.5 மீட்டர் வரை அளக்கும், 3.3 வோல்ட்டிலேயே வேலை செய்யும்.

பேட்டரி: 18650 அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல், 1500 மில்லி ஆம்பியர் மணி. இதில் நான் பிடிவாதக்காரன். சாதாரண லித்தியம் செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் தரும். அதைக் குறைக்க ரெகுலேட்டர் வேண்டும், அதுவும் கொஞ்சம் மின்சாரம் தின்னும். இரும்பு பாஸ்பேட் செல் பெரும்பாலான நேரம் 3.2 வோல்ட்டில் நிற்கும். போர்டின் 3.3 வோல்ட் பின்னில் (இணைப்பு முனையில்) நேரே கொடுத்துவிடலாம். சித்திரை வெயிலில் மொட்டை மாடிச் சூட்டையும் இதுதான் நன்றாகத் தாங்கும். எச்சரிக்கை: இரண்டு வகைச் செல்களும் அளவில் ஒன்றே. தவறிப்போய் 4.2 வோல்ட் செல்லைப் போட்டால் சிப் போய்விடும். சார்ஜரும் 3.65 வோல்ட்டில் நிற்கும் தனி வகையாக இருக்க வேண்டும்.

இவற்றோடு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சாக ஏஓ3401 என்ற பி-சேனல் மாஸ்ஃபெட், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், நீர் புகாத ஒரு பெட்டி.

சென்சார் சொல்வதைப் படித்தல்

சென்சார் ஒவ்வோர் அளவுக்கும் நான்கு பைட்டுகளை நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்பும். முதலாவது எப்போதும் 255. இரண்டாவதை 256-ஆல் பெருக்கி மூன்றாவதைக் கூட்டினால் தூரம் மில்லிமீட்டரில் கிடைக்கும். நான்காவது சரிபார்ப்பு எண்: முதல் மூன்றின் கூட்டுத்தொகையை 256-ஆல் வகுத்தால் வரும் மீதி. 255, 3, 132, 134 என்று வந்தால், 3×256+132, அதாவது 900 மி.மீ. கூட்டுத்தொகை 390, மீதி 134. சரி.

என் தொட்டியில் காலியாக இருக்கும்போது 1150, நிறைந்தால் 150. ஆகவே 900 என்றால் கால் தொட்டி. ஐந்து முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரே ஒரு தப்பான அளவு மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

சென்சாரின் அனுப்பும் கம்பியை போர்டின் 6-ஆம் பின்னில் கொடுத்தேன். 2, 8, 9 ஆகிய பின்களைத் தொடாதீர்கள்; சிப் விழிக்கும்போது அவற்றைப் பார்த்துத்தான் எந்த நிலையில் தொடங்குவது என்று முடிவு செய்கிறது.

தூங்க வைத்தல்

என்னை ஒன்றரை மாதம் அலைக்கழித்த படி இது. ஆழ்தூக்கத்தில் (டீப் ஸ்லீப்), அதாவது பெரும்பாலான பகுதிகள் அணைந்த நிலையில், சி3 சிப் எடுப்பது வெறும் 5 மைக்ரோ ஆம்பியர். கால் மணிக்கு மூன்று நொடி விழித்து, அப்போது சராசரியாக 100 மில்லி ஆம்பியர் எடுத்தால், மொத்தச் சராசரி 0.33 மில்லி ஆம்பியர். ஆறு மாதம் ஓடும் என்று வீட்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். ஆறாம் நாள் நின்றுவிட்டது.

புதுச் செல் போட்டேன். மறுபடியும் ஆறு நாள். நிரலைத்தான் சந்தேகப்பட்டேன், மூன்று முறை திருத்தி எழுதினேன். குற்றவாளிகள் வெளியே இருந்தார்கள். சிப் தூங்கினாலும் சென்சார் விழித்தே இருந்து 8 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது. போர்டின் சிவப்பு விளக்கு இன்னொரு ஒன்றரை. இப்போது கணக்குப் போடுங்கள்: 1500-ஐ 9.83-ஆல் வகுத்தால் 152 மணி நேரம். ஆறு நாள்!

விளக்கை சால்டர் முனையால் பெயர்த்து எடுத்துவிட்டேன். சென்சாருக்கு மாஸ்ஃபெட்டை வைத்தேன். சோர்ஸ் முனை பேட்டரியின் நேர்முனைக்கு, ட்ரெயின் முனை சென்சாரின் நேர்முனைக்கு, கேட் முனை 4-ஆம் பின்னுக்கு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 100 கிலோ ஓம். பின்னைத் தாழ்த்தினால் சென்சார் விழிக்கும்; சிப் தூங்கும்போது அந்த ரெசிஸ்டரே கேட்டை மேலே பிடித்துக்கொள்ளும், சென்சார் அணைந்திருக்கும்.

அப்படியும் தூக்கத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் போனது. இதைக் கண்டுபிடிக்கத்தான் மேலும் இரண்டு வாரம். சென்சாரின் நேர்முனையை அடைத்தாலும், தரவுக் கம்பி வழியாக மின்சாரம் உள்ளே கசிந்து அதை அரைத்தூக்கத்தில் வைத்திருந்தது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. தூங்குவதற்கு முன் அந்த சீரியல் இணைப்பை மூடி, 6-ஆம் பின்னை மேலிழுப்பு (புல்-அப்) இல்லாத உள்ளீடாக மாற்றுங்கள். அதன் பிறகு என் போர்டில் 45 மைக்ரோ ஆம்பியர் வந்தது. 5 என்பது சிப்புக்கு மட்டுமான கணக்கு. போர்டில் மற்றவையும் இருக்கின்றன. 45 வந்தாலே ஐந்து மாதத்துக்கு மேல் ஓடும்.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வைத்துத் தொடங்கினால் போர்டு விழிக்கவே விழிக்காது. வைஃபை கேட்கும் மின்சாரம் மீட்டருக்குள்ளேயே தடைபட்டு, போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். மீட்டரின் ஃபியூஸும் போகலாம். மீட்டரின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து வையுங்கள். போர்டு விழித்து, வேலை முடித்து, தூங்கிய பிறகு கம்பியை எடுங்கள். அடுத்த விழிப்புக்கு முன் மறக்காமல் திரும்ப வையுங்கள்.

அனுப்புதல், பொருத்துதல்

கருவிகள் சிறு செய்திகளை அனுப்பிக்கொள்ளும் எம்க்யூடிடி நெறிமுறை போதும். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999-இல் உருவாக்கப்பட்டது. தொட்டிக் குழாய்க்கு நிச்சயம் பொருந்தும். வீட்டில் கிடந்த ராஸ்பெர்ரி பை என்ற பழைய சிறு கணினியில், அந்தச் செய்திகளை வாங்கிக் கைமாற்றும் மஸ்கிட்டோ மென்பொருளை நிறுவினேன். என் வீட்டுத் தண்ணீர்க் கணக்கு வேறு நாட்டு சர்வருக்குப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டியதில்லை. செய்தியைத் தக்கவைக்கும் (ரீடெய்ன்) குறியோடு அனுப்புங்கள். அப்போதுதான் கைபேசியை எப்போது திறந்தாலும் கடைசி அளவு தெரியும். அனுப்பிய கையோடு தூங்கிவிடாமல் இணைப்பை முறையாகத் துண்டித்து, நூறு மில்லி நொடி பொறுங்கள். இல்லையென்றால் செய்தி வாசற்படி தாண்டாது.

கெபாசிட்டரை போர்டின் 3.3 பின்னுக்கும் கிரவுண்டுக்கும் மிக அருகில் வையுங்கள். சென்சாரை மூடியில், நீர் விழும் குழாயிலிருந்து விலக்கி, நேர் கீழே பார்க்கும்படி பொருத்துங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் சுவரை அளக்கும்.

இதைப் படித்த வாசகர்கள் எழுதியதால் சேர்த்தவை

மஸ்கிட்டோவுடன் இணைய முடியவில்லை என்று நான்கைந்து பேர் எழுதினார்கள். 2.0 பதிப்பிலிருந்து அது தன் சொந்தக் கணினியைத் தவிர வேறு யாருக்கும் காது கொடுப்பதில்லை. அமைப்புக் கோப்பில் 1883 போர்ட்டைத் திறக்கும் வரியைச் சேர்த்து, கடவுச்சொல்லும் வையுங்கள்.

தூங்கிய போர்டு கணினியில் தெரியவில்லை என்பவர்களுக்கு: சிப் தூங்கினால் அதன் யுஎஸ்பியும் தூங்கிவிடும். பூட் பொத்தானை அழுத்தியபடி ரீசெட்டைத் தட்டி விடுங்கள். அதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். யுஎஸ்பி மின்சாரமும் பேட்டரியும் ஒரே பின்னில் மோதக் கூடாது.

மாஸ்ஃபெட் வைத்தும் சென்சார் அணையவில்லை என்றால் சோர்ஸும் ட்ரெயினும் மாறியிருக்கும். உள்ளே இருக்கும் டையோடு வழியாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்.

ஒருவர் சரியான இடத்தில் பிடித்தார்: கால் மணிக்கு ஒரு முறை பார்த்தால் அதற்குள் தொட்டி வழிந்துவிடாதா? எங்கள் மோட்டார் தொட்டியை நிரப்ப 40 நிமிடம் எடுக்கும்; ஆனாலும் அவர் சொல்வது நியாயம். இப்போது முந்தைய அளவைத் தூக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்தில் வைக்கிறேன். மட்டம் 3 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் மோட்டார் ஓடுகிறது என்று பொருள். தொட்டி நிறையும்வரை ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை விழிக்கும். உங்கள் மோட்டார் இதைவிட வேகமானது என்றால் கால் மணியை ஐந்து நிமிடமாக்குங்கள். பேட்டரி இரண்டு மாதம்தான் வரும்.