கொழும்புக்கு வெளிக்கிட முன் வானின் கூலன்ற் மாற்றுங்கள்

ஊரில் சித்தப்பா வீட்டு முற்றத்தில் பழைய டொல்பின் ஹையேஸ் வான் ஒன்று நிற்கும். "வாடகைக்கு ஏன் பிடிக்கிறியள், இதைக் கொண்டுபோங்கோவன்" என்பார். நல்ல வண்டிதான். ஆனால் மாதக்கணக்கில் நின்ற டீசல் வானில் ஆட்களையும் சூட்கேசுகளையும் ஏற்றி ஏ9 வீதியில் இறங்க முன், எஞ்சின் ஆறியிருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். செங்கல் நிறத்தில் தண்ணீர் தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும்.

எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் கூலன்ற் பனி நாட்டுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல் என்பதால், கேத்தலில் படியும் வெள்ளைப் படை றேடியேற்றருக்குள்ளும் படியும். கிணற்றுத் தண்ணீரைத் தவிர்த்து, பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரையும் கூலன்றையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஏற்கெனவே கலந்து விற்பதென்றால் அப்படியே ஊற்றலாம். நிறத்தைப் பார்த்து வகையை முடிவுசெய்யாமல் போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

பழையதை வடிக்கும்போது பாத்திரத்தில் பிடித்து அளந்து வையுங்கள். எட்டு லீற்றர் வடிந்து ஆறு லீற்றர்தான் உள்ளே போனதென்றால், மிச்ச இடத்தில் காற்று நிற்கிறது. வடித்தது இனிப்பான நஞ்சு. நாய், கோழி, சின்னப் பிள்ளைகள் கிட்டப் போகாமலும் கிணற்றடிப் பக்கம் ஊற்றாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எயர் எடுப்பது, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது. ஹையேஸில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில், றேடியேற்றர் முன்னால். இடையில் நீண்ட குழாய்கள். காற்று உயரமான இடத்தில் போய் ஒளிந்துகொள்ளும் என்பதால் வண்டியின் முன்பக்கம் உயர்ந்து நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மேட்டை எங்கே தேடுவது? கராஜ் சாய்தளம் இருந்தால் போதும். ஹீற்றர் குழாயிலும் காற்று சிக்கும், அதனால் ஹீற்றரை முழுச் சூட்டில் வையுங்கள், பின்பக்க ஹீற்றர் இருந்தால் அதையும். வெயில் ஊரில் ஒருவரும் தொடாத அந்தக் குமிழ் இறுகிப்போயிருக்கலாம். சில வான்களில் ஹீற்றர் குழாயையே கழற்றி அடைத்திருப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

மெதுவாக ஊற்றி, மேல் குழாயை அமுக்கி அமுக்கி விடுங்கள். பிறகு மூடி போடாமலே எஞ்சினை ஸ்ராட் செய்யுங்கள். டீசல் எஞ்சின் சும்மா ஓடினால் சூடாக நெடுநேரம் பிடிக்கும். அதனால் அக்சிலறேற்றரைக் கொஞ்சம் மிதித்து வையுங்கள். தேர்மோஸ்டாற் (சூடானதும் திறந்து கூலன்றை றேடியேற்றர் வழியாக ஓடவிடும் வால்வு) திறந்ததும் கீழ்க் குழாய் சூடாகும், மட்டம் சட்டென்று இறங்கும். அவசரப்படுகிறவர்கள் இதற்கு முன்னமே மூடியைப் போட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஊற்றி நிரப்பி, குமிழி நின்று ஹீற்றரில் சூட்டுக் காற்று வந்த பிறகே மூடுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டேயிருந்தால் ஹெட் காஸ்கற்றில் (எஞ்சின் தலைப்பகுதிக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகம். அந்த வண்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அன்று ஊருக்குள் ஒரு சுற்று ஓடி, இரவு ஆறவிட்டு, காலையில் மட்டம் பாருங்கள். கொஞ்சம் குறைந்திருக்கும், நிரப்புங்கள். அப்புறம் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிற்பீர்கள். கச்சான் வாங்கும் நேரத்தில் றிசேவ் போத்தலின் (றேடியேற்றரோடு இணைந்த கூலன்ற் போத்தல்) மட்டத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.